மூட்டை மட்டும் தூக்காதீங்க

“தண்ணிக்குப் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு தம்பி.”

“போகலாம்க்கா. மூட்டை மட்டும் தூக்காதீங்க.”

“சரி” என்றார். பேச்சு அவ்வளவுதான். அந்தச் ‘சரி’ கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாக அப்போதே தோன்றியது. நான் பிசியோதெரபிஸ்ட். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

அக்கா பாம்பன் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். வயது 45 இருக்கும். இடது புட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கிறது என்று வந்தார். பையில் ஸ்கேன். ‘ஜவ்வு விலகிடுச்சு, ஆபரேஷன்தான்’ என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன். வலது கால் பத்து தடவை தூக்கியது. இடது கால் மூன்றாவது தடவையே இறங்கிவிட்டது. அந்தக் காலில்தான் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரை உதைக்க வேண்டும். சிறுநீர் அடைக்கிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்றார். இருந்திருந்தால் உட்காரக்கூட வைக்காமல் மதுரைக்கு அனுப்பியிருப்பேன்.

“கரண்ட் வைப்பியா? பெல்ட் போட்டு இழுப்பியா?” என்றார். எல்லோரும் கேட்பதுதான். இழுவையை நான் பெரிதாக நம்புவதில்லை. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் எழுப்பச் சொன்னேன். எட்டாவது தடவையில் பாதத்து வலி கெண்டைக்காலுக்கு ஏறியது. பிறகு தொடைக்கு. வலி இப்படி மேலே ஏறி முதுகோடு ஒடுங்கினால் நல்ல சகுனம். 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கியிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துக் கால்வலி போய் எழுந்தாராம். அங்கிருந்து வந்த வழி இது.

ஊசியைப் பற்றியும் கேட்டார். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கலாம். இவருக்கு வலி அடங்கினால் மறுநாளே மூட்டையைத் தூக்கிவிடுவார் என்று பயந்தேன். ‘இப்ப வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம்’ என்றேன். விலகிய ஜவ்வுத் துண்டை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்வது உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கால்வலி குறைந்துவிடும். படுத்தே கிடந்தால் முதுகுதான் இன்னும் வீணாகும். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் முதுகில் இறங்காது. ஆக, ‘போகலாம்’ என்றது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சந்தேகம் இரண்டாவது பாதியில்தான். மூட்டையைத் தூக்காமல் பாசி எடுப்பது என்ன வேலை? அதை நான் யோசிக்கவே இல்லை. கடையில் பை தூக்காதீர்கள் என்பதுபோல் சொல்லிவிட்டேன். ‘யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க’ என்றும் சேர்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் சொல்வதுதானே.

ஒன்பதாவது வாரம் வந்தார். இடது குதிகாலை எட்டுத் தடவை தூக்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். கூடவே ஒரு பெண், பிளஸ் ஒன் படிக்கிற வயது. விரல்களில் துணி சுற்றிய இடம் வெளுத்து ஊறியிருந்தது. பாறையில் பாசியைப் பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுவது.

“இவதான் இப்பத் தூக்குறா. இவளுக்கும் இடுப்புப் பிடிச்சிருக்கு, பாத்துவிடு தம்பி.”

பார்த்தேன். தசைப்பிடிப்புதான், நரம்பில் ஒன்றுமில்லை. எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டினேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. லீவு நாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நோட்டைப் பார்த்தால் புதன்கிழமை. புதன்கிழமையும் லீவு விடுவார்கள்தான்.

நான் அனுப்பவில்லையே அந்தப் பெண்ணை. தண்ணிக்கே போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அடுப்பு என்ன ஆகும்? சரி, ஊசிக்கு எழுதிக் கொடுத்திருந்தால்? அக்காவே தூக்கியிருப்பார், ஒருவேளை கால் விழுந்திருக்கும். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. இந்த இரண்டாவது ‘ஒருவேளை’யை எவ்வளவு தள்ளினாலும் போவதில்லை.

போன மாசம் கரைக்கே போனேன். கடல் வற்றி இறங்கும் வத்த நேரம் என்பதால் வள்ளம் தள்ளியே நின்றது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சொட்டச் சொட்ட மூட்டையைத் தலைக்கு ஏற்றினார்கள். ஒன்றை நானும் தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி என்று நான் சுவரில் ஒட்டியிருக்கும் படம் நினைவுக்கு வந்தது. மணலில் கால் புதைந்தது.

அக்கா அங்கே இருந்தார். அரை மூட்டையாகக் கட்டி ரெண்டு நடை நடந்தால் என்ன என்று கேட்டேன். இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

“கட்டலாம்தான். யாவாரி வண்டி நிக்கணுமே” என்றார்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த வியாபாரியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கண்ணாடியில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.