தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு சர்க்யூட்

வெளியூரில் விமானப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஆடியில் லீவுக்கு மதுரை வந்தபோது பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் தேடி வந்தான். அவன் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் பழகுகிறான். "லேண்டிங் வரவே மாட்டேங்குதுண்ணே, சோலோ தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு" என்றான். சோலோ என்றால் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறப்பது.

விசாரித்தால், சிக்கல் தரைக்குப் பக்கத்தில் இல்லை. ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் முடிக்க வேண்டிய வேலைகளையெல்லாம், ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் ஃபைனலுக்கு இழுத்து வருகிறான். வேகமும் உயரமும் கூடுதலாக வந்தால் யார் இறக்கினாலும் விமானம் மிதக்கத்தான் செய்யும்.

விடியற்காலையில் அவனை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போனேன். நான்கு கரையையும் இடப்பக்கமாகவே திரும்பிச் சுற்றினால் மைய மண்டபம் எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும். இறங்குவதற்காக ரன்வேயை இடப்பக்கம் வைத்துச் சுற்றிவரும் இடது சர்க்யூட்டும் அப்படித்தான்; பைலட் சீட் இடப்புறம் என்பதால் ரன்வே கண்ணைவிட்டுப் போகாது. மதுரை ரன்வே கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்கு நோக்கி இறங்கும் ரன்வே 27 என்று முடிவுசெய்து, வடகரையை ரன்வேயாக வைத்து மேற்கு பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.

தென்கரைதான் டவுன்விண்ட். காற்று முதுகில் தள்ளும் இடம் அது. யோசித்துக்கொண்டிருந்தால் ரன்வே வெகுதூரம் பின்னால் போய்விடும். மண்டபத்துக்கு நேரே வந்ததும் பவர் 1500 ஆர்பிஎம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) 10 டிகிரி. கீழ்க்கரையில் பேஸ், அதாவது ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதி, ஃபிளாப் 20. திரும்பினால் ஃபைனல், ஃபிளாப் 30, வேகம் 65 நாட். எல்லாவற்றையும் நடையை நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூலை வருவதற்குள் சொல்லி முடிக்காவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது: முழு த்ராட்டில், ஃபிளாப் 20, இன்னொரு சுற்று. கோ-அரவுண்டை மாணவர்கள் தோல்வியாக நினைப்பது எனக்குப் பெரிய வருத்தம். தயங்காமல் அதைச் செய்கிறவனைத்தான் நான் நம்பித் தனியாக அனுப்புவேன்.

தரை தொடும் முன் மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் ஃபிளேரை நடந்து பழக முடியாது. அதனால் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைப் பற்றிப் பேசினோம். விமானத்தின் மூக்குக்குக் கீழே பார்த்தால் தரை ஓடுகிற வேகம்தான் தெரியும், உயரம் தெரியாது. பார்வையை ரன்வேயின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். "இறக்கப் பார்க்காதே, இறங்கவிடாமல் பிடி. வேகம் குறையக் குறைய அதுவே உட்காரும்" என்றேன்.

திரும்பிப் போய்ச் சில வாரத்தில் போன் செய்தான். சோலோ முடிந்துவிட்டது! அப்புறம் உடனே, "பக்கக் காற்றுக்கு என்னண்ணே செய்யணும்?" என்றான். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடர் (வால் சுக்கான்) பெடலை மிதிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பழகச் சொல்லியிருக்கிறேன். மீதி பொங்கல் லீவில்.