கோயில் பெயர், சந்தை வேலை

ரோமானியக் குடியரசில் 'ஐடீலிஸ்' என்றொரு அதிகாரி. வேர்ச்சொல் 'ஐடெஸ்'. பலர் சறுக்குவது இங்கேதான்: அது ஒருமையில் கோயில், பன்மையில் வீடு! மரபுக் கணக்குப்படி கி.மு. 494-இல் சாமானியர் தரப்பில் இருவரோடு தொடங்கிய பதவி. ரோம் நகரின் அவென்டைன் குன்றை ஒட்டிய, தானியத் தெய்வம் கேரெஸின் கோயில்தான் அவர்களுக்கு இருப்பிடம், ஆவணக்காப்பகம் எல்லாம். பிறகு மேட்டுக்குடிக்கு இருவர். கி.மு. 44-இல் சீசர் தானியத்துக்கென்றே மேலும் இருவரைச் சேர்த்தார், ஆக ஆறு.

பெயரில்தான் கோயில். அன்றாட வேலை தெரு, சந்தை, எடைக்கல். பொய் அளவை சிக்கினால் உடைத்துவிடுவார்கள்.

திருவிழா நடத்துவதும் இவர்கள் பொறுப்பே, வில்லங்கம் அங்கேதான். அரசுப் பணம் போதாது, மீதி சொந்தக் கை. கி.மு. 65-இல் இதே பதவியிலிருந்த சீசர் 320 ஜோடி கிளாடியேட்டர்களை இறக்கினார். கைதட்டலும் குவிந்தது, கடனும் குவிந்தது.