மைத்ரியில் ஒரு குளிர்காலம்

அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்குக் குளிரை நினைத்துத்தான் பயம். இருட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வானிலைத் துறையில் பலூன் விடுகிற வேலை என்பதால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. உண்மையான வடிகட்டல் அதற்குப் பிறகுதான். டெல்லி எய்ம்ஸில் தலை முதல் கால் வரை பரிசோதித்தார்கள். மனநல மருத்துவர்களும் உட்காரவைத்துப் பேசினார்கள். நீங்களும் போக நினைத்தால், பல்லில் சின்னச் சொத்தை இருந்தாலும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் அங்கே கப்பலும் வராது, விமானமும் வராது. அடுத்து உத்தராகண்டின் அவுலியில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் பனியில் நடக்கவும் கயிறு கட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். முடிச்சுகளைக் கை பழகும்வரை போட்டுப் பாருங்கள்.

கேப் டவுனிலிருந்து சரக்கு விமானத்தில் போய் பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்கினோம். 1989 முதல் இயங்கும் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் பாறைவெளியில், பிரியதர்ஷினி ஏரிக்கரையில் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான். கோடை அணி கிளம்பியதும் நாங்கள் இருபது சொச்சம் பேர் மிஞ்சினோம். பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது எல்லாம் முறை வைத்துத்தான். விஞ்ஞானி என்றால் விலக்கு கிடையாது.

மே மாதக் கடைசியில் மறைந்த சூரியன் ஏறக்குறைய இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. தூக்கம் கெட்டது. சாப்பாட்டு மேசையில் ஒரு கரண்டிக்காகச் சண்டை வந்தது. என்னைக் காப்பாற்றியது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிற வானிலை அளவீடுதான். பனிப்புயலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி கருவிக் கூண்டு வரை போய்த் திரும்புவேன். நீட்டிய கை தெரியாது, கயிறு மட்டும் கையுறைக்குள் உறுத்தும். அங்கே குளிர்காலத்தின் நடுநாளான ஜூன் 21 அன்று மற்ற நாட்டு நிலையங்களிலிருந்து வாழ்த்து அட்டைகள் மின்னஞ்சலில் வந்தன. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தோம்.

ஜூலைக் கடைசியில் வடக்கே ஒரு சிவப்புக் கீற்று. எல்லோரும் வெளியே ஓடினோம். அழுதவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்த நீண்ட இருட்டில் மேல்வளிமண்டலம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து அங்கே மேகங்கள் உருவாகின்றன. குளிர்பதன வாயுக்களிலிருந்து வந்த குளோரின் அந்த மேகத் துகள்களின்மேல் வீரியம் பெறுகிறது. வெயில் பட்டதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. நாங்கள் ஏங்கிக் காத்திருந்த அதே வெயில்!

பலூனில் கட்டி மேலே அனுப்புகிற, ஓசோனை அளக்கும் கருவியைத் தயார் செய்ய நிதானம் வேண்டும். காற்று அவ்வளவு வறண்டது. எதைத் தொட்டாலும் சுள்ளென்று ஷாக் அடிக்கும். முதலில் இரும்பைத் தொட்டுக்கொண்ட பிறகே கருவியைத் தொடுவேன். பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றி, பம்ப் ஓடுகிற சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பேன். காற்று பலமாக இருந்தால் பலூனைப் பிடிக்க சமையல்காரர்கூட வருவார்.

அக்டோபரில் ஒருநாள் திரையில் ஓசோன் அளவைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. பலூன் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியதும் அது சரிந்து, கிட்டத்தட்ட பூஜ்யத்தில் படுத்துவிட்டது. 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் உலகுக்குச் சொன்ன ஓசோன் ஓட்டை இதுதான் என்று பாடமாகப் படித்திருக்கிறேன். இப்போது அது என் தலைக்கு நேர் மேலே இருந்தது. பின்னால் நின்ற சமையல்காரர், "கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் கோடு மறுபடி எழும்பியது. இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.