தூளைக் கிளப்பாமல் துடைப்பது

மாடப்புறாவைக் கையில் எடுத்து, இறக்கை எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்த பிறகு கருப்புக் கையுறையைக் கவனியுங்கள். கோலமாவைத் தொட்ட மாதிரி வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கும். அது நோய் அல்ல. புறாவின் உடம்பில் சில இறகுகள் நுனியிலிருந்து உதிர்ந்து மாவாகி மற்ற இறகுகளைப் பாதுகாக்கின்றன. காய்ந்த எச்சமும் இதே போலத்தான் தூளாகிப் பறக்கிறது, ஆனால் கையுறையில் தெரிவதில்லை. சென்னையில் ஏசி பெட்டிக்குப் பின்னால் சிக்கிய புறாவோ, மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட பருந்தோ, காயம்பட்ட பறவைகளைப் பராமரிக்கும் மீட்பு அறைக்கு எது வந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் அலகையும் நகத்தையும்தான் பார்ப்பார்கள். அவை கண் முன்னால் இருக்கின்றன, ஒதுங்கிக்கொள்ளலாம். மூச்சோடு உள்ளே போவதற்கு அப்படி வழியில்லை.

கிளமைடியா சிட்டாசி என்ற பாக்டீரியா கிளிகளிடமும் புறாக்களிடமும் இருக்கும். நன்றாகத் தீனி எடுத்துக்கொண்டு திரியும் பறவையும் எச்சத்தில் அதை வெளியேற்றும். அந்த எச்சம் காய்ந்து, கூண்டைத் தட்டும்போது காற்றில் கிளம்பி நுரையீரலுக்குப் போகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும். பார்ப்பதற்குச் சாதாரண ஃப்ளூதான். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், வழக்கமாக எழுதித்தரும் அமாக்ஸிசிலின் இதற்குச் சரிப்படாது. "பறவைகளோடு வேலை செய்கிறேன்" என்பதை டாக்டரிடம் நாமாகவே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகவே மீட்பு அறைக்குள் துடைப்பத்துக்கு இடமில்லை. வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம். பின்பக்கத்து வழியாக நுண்தூளை அறை முழுக்க ஊதிவிடும். முதலில் பறவையை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். என்95 மாஸ்க்கை மூக்கின் மேல் அழுத்திப் போட்டுக்கொள்ளுங்கள், துணி மாஸ்க் போதாது. எச்சம் படிந்த செய்தித்தாளின் மேல் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே செய்து 5 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஓரங்களை உள்பக்கமாக மடித்து, உதறாமல் சுருட்டிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடலாம். நாள்தோறும் தாளை மாற்றினால் எச்சம் காயவே நேரமிருக்காது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது ப்ளீச்சிங். இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. எச்சம் ஒட்டியிருக்கும் தட்டின் மேல் ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றினால், குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமி மிச்சமிருக்கும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரில் 10 நிமிடம் நனைத்து வைத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். திறந்து வைத்த பவுடர் பாக்கெட் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே வீரியம் இழக்கும். கரைசலையும் அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிடோடு ப்ளீச்சிங்கைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மனிதர்களுக்கே ஆபத்து. பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிட மென்மையானது. ஃபினாயில் நெடி, கொசுவத்திப் புகை, அந்துருண்டை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

பறவையிடமிருந்து நமக்கு வருவதை மட்டும் யோசித்தால் போதாது, நம் கை வழியாக ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் நிறைய. புறாவின் வாயைத் திறந்தால் தொண்டையில் மஞ்சளாகப் பனீர்த் துண்டு மாதிரி ஒரு கட்டி தெரியும். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி செய்கிற வேலை அது. மனிதருக்கு ஒட்டாது. ஆனால் அதே தண்ணீர்க் கிண்ணத்தையோ தீனி ஊட்டும் சிரிஞ்சையோ பக்கத்துக் கூண்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் வந்துவிடும். நோயுற்ற புறாவைத் தின்ற பருந்துக்கும், ஆந்தைக்கும்கூட வரும். எனவே வேலை வரிசை முக்கியம்: குஞ்சுகள் முதலில், பிறகு காயம்பட்டவை, புதிதாக வந்தவையும் புறாக்களும் கடைசியில். ஒவ்வொரு கூண்டுக்கும் கையுறை மாற வேண்டும். தோல் கையுறையைக் கழுவிக் கிருமி நீக்க முடியாது என்பதால், பருந்தைப் பிடிக்கும்போது மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி, அந்தத் துண்டைத் துவைக்கப் போடுவது நல்லது.

கழுத்து முறுக்கிக்கொண்டு, தலைகீழாகப் பார்க்கும் புறாவைக் கண்டால் கோழிகளைக் கொல்லும் ராணிக்கெட் வகை வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். நமக்குப் பெரும்பாலும் கண் சிவந்து நீர் வடிவதோடு முடிந்துவிடும். வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர் அந்தப் புறாவைத் தொட்ட உடையோடு கொட்டகைக்குப் போனால் மொத்தக் கோழியும் போய்விடக்கூடும். ஒரே இடத்தில் பல காகங்களோ வாத்துகளோ செத்துக் கிடந்தால் மீட்பு வேலையே கிடையாது. தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலா என்பதைப் போபாலில் இருக்கும் தேசிய ஆய்வகம் உறுதிசெய்யும்.

கொக்கு, நாரை வந்தால் கண்ணாடி போடாமல் நெருங்கக் கூடாது. அவை நேராகக் கண்ணைத்தான் குத்தும். நகம் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். பறவைக் கீறலுக்கு வெறிநாய்க்கடி ஊசி தேவையில்லை.

வீட்டில் ஓரிரவு வைத்திருக்க நேர்ந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே செய்தித்தாள், இருட்டான, காற்றோட்டமான மூலை போதும். சமையலறை கூடாது. பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் திறப்பு நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், கீமோ எடுப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். காலையில் வனத்துறைக்கோ மீட்பு மையத்துக்கோ ஒப்படைத்ததும் அட்டைப்பெட்டியை எறிந்துவிடலாம்.

மீட்பு அறைப் பதிவேட்டில் பறவை வந்த நாள், இடம், காயம் மூன்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். நான்காவதாக ஒரு கட்டம் போடுங்கள்: யார் யார் தொட்டார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் காட்ட அந்தப் பக்கம் தயாராக இருக்கும்.