ரேஸ் குதிரை மேல் எனக்கிருந்த பயம் போன கதை

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று ஓடி முடிந்தது. 1843இல் முதல் ஓட்டத்தோடு தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் அத்தோடு நின்றது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் நம்மில் எத்தனை பேருக்கு, பக்கத்து ஃபேரர் பார்க் திடலில்தான் முதலில் குதிரை ஓடியது என்று தெரியும்? பந்தயம் நின்றாலும் குதிரைகள் இருக்கின்றனவே. நான் ஏறும் ராஜாவும் பந்தயத்திலிருந்து சவாரிக்கு வந்தவன்தான்.

ஒரு நாள் காலையில் மழை வரும் அறிகுறியாகக் காற்று கிளம்பியது. வேலியில் கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடிக்க, ராஜா எடுத்த எடுப்பில் பாய்ந்தான். நான் இழுக்க இழுக்க அவன் வேகம் கூடியது. திருப்பத்தில் நான் மட்டும் நேராகப் போய் விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை, விலாவில் நல்ல அடி. வலி போய்விட்டது, பயம் போகவில்லை. அங்கவடியில் கால் வைத்தாலே தொடை நடுங்கும். நான் மூச்சை அடக்குவேன். அது அவனுக்குத் தெரிந்து அவன் தலையைத் தூக்குவான். அதைப் பார்த்து நான் இன்னும் இறுகுவேன்.

லாயத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கிராஞ்சியில் பல வருடம் குதிரை பார்த்தவர். அவர்தான் விஷயத்தைப் புரிய வைத்தார். "தங்கச்சி, அவன் முரண்டு பண்ணலம்மா. கயிறு இறுகினா அதுல சாஞ்சுக்கிட்டு ஓடணும்னுதான் பழக்கியிருக்காங்க. நீ இழுக்குறது அவனுக்குப் 'போ'ன்னு கேக்குது." அப்போதுதான் பல விஷயங்கள் பிடிபட்டன. ஜாக்கி குட்டையான அங்கவடியில் மேலே குந்தியிருப்பார். எங்களைப் போல் காலைத் தொங்கவிட்டு விலாவில் ஒட்ட வைத்து உட்கார மாட்டார். அதனால் கால் பட்டாலே ராஜா திடுக்கிடுவான். அங்கே குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவது வழக்கம். நாங்கள் மிதித்து ஏறும் படிக்கட்டுப் பலகை பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிராஞ்சியில் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றி ஓடுவார்கள். ராஜா வலப்பக்கம் திரும்பும்போது மரக்கட்டை மாதிரி விறைத்ததும் ஏன் என்று புரிந்தது.

முதலில் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பேன். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிக சகஜம்: தானியத் தீவனம் அதிகம், புல் மேய்ச்சல் குறைவு, ஓட்டமும் கடுமை. ராஜாவின் வயிற்றில் கேமரா விட்டுப் பார்த்தால் புண் இருந்தது. மனிதர்கள் சாப்பிடும் அதே ஓமெப்ரசோல்தான், குதிரைக்கென்று பசையாகக் கொடுத்தார்கள். பல்லில் கூர்முனையை ராவிவிட்டார்கள். சேணமும் முதுகெலும்புக்கு அருகே அழுத்திக்கொண்டிருந்தது, மாற்றினோம். வலியோடு இருக்கிற ஒரு பிராணியிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அப்புறம் கீழேயிருந்தே வேலை. பலகைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவேன், அசைந்தால் பேசாமல் ஒரு வட்டம் நடத்தித் திரும்ப நிறுத்துவேன். ஏறவே மாட்டேன். ஒரு கட்டத்தில் அவன் ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, நாக்கால் வாயை நக்கிக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் ஏறினேன். அதுவும் நடை மட்டும்.

நடையில் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்றுதான், ஆனால் எல்லாம் அதில் இருந்தது. வேகத்தைக் குறைக்க, முதலில் என் இடுப்பின் அசைவை நிறுத்துவேன், மூச்சை நீளமாக விடுவேன், கடிவாளக் கயிற்றில் விரல்களை ஒரு நொடி மூடுவேன். அவன் ஒரு துளி தணிந்தாலும் உடனே விரல்களைத் தளர்த்துவேன். தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் அவன் சாய ஒரு சுவர் கிடைத்துவிடும், ஓட்டம் தொடங்கிவிடும். மூச்சு அடைபடாமலிருக்க வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அவன் கழுத்தில் ஒரு பழைய தோல்பட்டை கட்டினோம். பயம் வந்தால் அதைப் பிடித்துக்கொள்வேன், அவன் வாய்க்குத் தொந்தரவு இல்லை.

அடுத்து டிராட், அதாவது நடையை விட வேகமான துள்ளுநடை. அதில் பெரிய வட்டங்கள், வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. வேகம் ஏறினால் வட்டத்தை மெல்ல மெல்லச் சுருக்குவேன். பாய்ச்சலில் இருக்கும் குதிரையைச் சட்டென்று ஒரு பக்கமாக இழுத்தால் இருவரும் சேர்ந்து சரிய வாய்ப்புண்டு. ஆகவே இதை நடையிலேயே பழக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார். தார்ப்பாயையும் விடவில்லை. அந்த அண்ணன் தூரத்தில் பிடித்து ஆட்ட, ராஜா பார்த்து, மூக்கை விரித்து, கடைசியில் முகர்ந்து பார்த்தான்.

இப்போது கேண்டரும் (டிராட்டை விட வேகமான மெல்லோட்டம்) போகிறோம், பெரும்பாலும் விடியலில், வெயிலுக்கு முன். பின்னாலிருந்து இன்னொரு குதிரை வேகமாக வந்தால் அவன் காதுகள் பின்னோக்கித் திரும்பும், முதுகு இறுகும். பந்தய நினைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் உடனே டிராட்டுக்கு இறக்கிவிடுகிறேன், அவனும் கேட்கிறான். கூட்டமாகப் போகும் சவாரிக்கு இன்னும் கூட்டிப் போகவில்லை. அடுத்ததாக அமைதியான வயதான குதிரை ஒன்றோடு மட்டும் சேர்த்து, நடையில் ஆரம்பிக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.