ஈயின் இறக்கை

சிறுமுகையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி. என் முன்னால் உட்கார்ந்தபோது இரு கண்களும் நேராகவே இருந்தன. அம்மா கைப்பேசியை நீட்டினார். பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, தீமிதி பார்க்க, போய் இரவெல்லாம் விழித்திருந்த மறுநாள் எடுத்த படம். இடக்கண் வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது. "வெயிலில் மறுபடியும் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள் டாக்டர்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு அறுவை செய்தவன் நான். இரு கண்களிலும் காதுப்பக்கத் தசையைப் பிரித்து, 7 மி.மீ. பின்தள்ளித் தைத்தேன். "சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். மாறுகண் திரும்பி வரக்கூடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஒரு மணி நேரம் ஒரு கண்ணை மூடிவைத்து அளந்தபோது விலகல் 25 பிரிசம் டயாப்டர் (கண் விலகலை அளக்கும் அலகு). அளவைவிட என்னைக் கலங்கவைத்தது ஈப் படம்தான். சிறப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஈயின் இறக்கை தாளிலிருந்து எழுந்து நிற்கும். முன்பெல்லாம் காற்றில் கிள்ளியவள், இம்முறை விரலைத் தாளிலேயே வைத்தாள். இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் திறன் நழுவத் தொடங்கியிருந்தது.

அப்பா நெசவாளர். "பாவு தளர்வதுபோலத் தையல் தளர்ந்துவிட்டதுங்களா?" என்று கேட்டார். இல்லை. இரு கண்களின் காட்சியையும் ஒன்றாக்கிப் பிடிப்பது மூளை. களைப்பிலும் காய்ச்சலிலும் அந்தப் பிடி விடுகிறது. தசையைத் திருத்தலாம், பிடியைத் தைக்க முடியாது.

"மாறுகண் யோகம், விட்டுவிடுங்கள்" என்றார் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர். இந்த நம்பிக்கையால் பார்வையை இழக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொறுமையாகத்தான் மறுத்தேன்.

பழைய தசைகளைச் சுற்றித் தழும்பு இருக்கும். அதனால் கத்தி படாத மூக்குப்பக்கத் தசைகளை 5 மி.மீ. சுருக்குவதென்று முடிவுசெய்தேன். முதல் அறுவையின் குறிப்பு கையில் இருந்ததால் இது எளிதாயிற்று. குறிப்பே இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு, எந்தத் தசை எங்கே இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். பெற்றோர்களே, அந்த அறுவைக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

இம்முறை எல்லாவற்றையும் முன்பே சொன்னேன்: சில நாள் கண் சற்று உள்ளே திரும்பும், இரட்டையாகத் தெரியும், பிறகும் விலகல் வரலாம். அறுவைக்கு மறுநாள் "ரெண்டு அம்மாயி தெரிகிறார்கள்" என்று அவள் சொன்னபோது அம்மா பதறவில்லை.

ஆறு வாரம் கழித்து ஈப் படத்தை நீட்டினேன். தாளுக்கு மேலே, வெறும் காற்றில், இறக்கையைக் கிள்ளினாள்.