நோபல் விருந்துக்கு ஸ்டூடண்ட் குலுக்கல்ல போன அனுபவம்

ஸ்வீடன்ல படிக்க வர்ற நம்ம பசங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு வழி இருக்கறதே தெரியல. டிசம்பர் 10, ஆல்ஃபிரட் நோபல் செத்த நாள், அன்னைக்கு ராத்திரி ஸ்டாக்ஹோம் சிட்டி ஹால்ல ராஜா குடும்பத்தோட சுமார் 1300 பேர் உக்காந்து நோபல் பரிசு விருந்து சாப்பிடறாங்க, அதுல கொஞ்சம் சீட்டு இங்க படிக்கற ஸ்டூடண்ட்ஸுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. வெறும் குலுக்கல் தான், மார்க்கு, சிபாரிசு எதுவும் கிடையாது. ஸ்டூடண்ட் யூனியன் மூலமா தகவல் வரும், நம்மாளுங்க பாதிப்பேர் அத தொறந்தே பாக்கறதில்ல. நானும் பெருசா நம்பிக்கையில்லாம தான் பேர் குடுத்தேன், 2024-ல விழுந்துருச்சு. ஆனா சாப்பாடு ஓசி இல்லங்க, டிக்கெட்ட காசு குடுத்து வாங்கணும்.

அடுத்த தலைவலி டிரஸ். ஆம்பளைங்கன்னா வால் வெச்ச கறுப்பு கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டை, இல்லன்னா அவங்கவங்க நாட்டு பாரம்பரிய உடுப்பு. அப்பா போன்ல "பட்டு வேட்டி கட்டிட்டுப் போடா"ன்னார், ஆசையா தான் இருந்துச்சு, ஆனா இங்க டிசம்பர் குளிர் அவருக்கு எங்க தெரியும். வாடகைக்கு விடற கடைக்குப் போனேன். சட்டைக்கு சாதா பட்டன் கிடையாது, தனியா குத்தற குமிழ், காலர் தனி, வெயிஸ்ட்கோட் கோட்டுக்குக் கீழ ஒரு விரக்கடை கூட எட்டிப் பாக்கக்கூடாது. கடைக்காரர் என்னைத் திருப்பித் திருப்பி நிக்க வெச்சு அளந்துட்டு, கைக்கடிகாரத்தயும் கழட்டிடுங்கன்னு சொல்லி அனுப்பினார். கல்யாண மாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு நடக்காது.

குலுக்கல்ல விழலன்னா மனசு விட்டுடாதீங்க, ஏன்னா என்னைக் கேட்டா அந்த வாரத்துல அசல் சரக்கு விருந்து இல்ல, பரிசு வாங்கினவங்க குடுக்கற லெக்சர் தான். அந்த வருஷம் டிசம்பர் 8 ஞாயித்துக்கிழமை, ஸ்டாக்ஹோம் யூனிவர்சிட்டி ஆவுலா மாக்னா ஹால், யார் வேணா போலாம், காசு கிடையாது. காலைல 9 மணிக்கு ஆரம்பம், இங்க அந்த மாசத்துல சூரியன் வரவே எட்டரை ஆயிடும், அதனால இருட்டுலயே மெட்ரோ புடிச்சு யூனிவர்சிட்டி ஸ்டேஷன்ல எறங்கி வரிசைல நின்னுட்டேன், எனக்கு முன்னாடியே ஃபிளாஸ்க்ல காபியோட ஒரு கூட்டம். 91 வயசு ஹாப்ஃபீல்டும் ஜெஃப்ரி ஹின்டனும் இயற்பியல் பரிசுக்காரங்க. ஹின்டன் மேடையேறி, ஒரு சமன்பாடு கூட இல்லாம போல்ட்ஸ்மன் மெஷின (மூளை நரம்பு வலை மாதிரி தானா கத்துக்கற ஒரு கம்ப்யூட்டர் மாடல்) விளக்கப் போறேன், இது முட்டாள்தனம் தான்னு சொல்லிட்டு நிஜமாவே அப்படியே விளக்கினார். செமஸ்டர் முழுக்க எனக்குப் புரியாத விஷயம் அங்க ஓரளவு புடிபட்டுச்சு.

பத்தாம் தேதி விருந்து ஏழு மணிக்கு, ஆனா நேரத்தோட போய்டுங்க, அழைப்பிதழ், ஐடி ரெண்டும் கைல இருக்கணும், கோட்டு மாட்டவே தனி வரிசை. உள்ள புளூ ஹால்னு பேரு, பாத்தா செங்கல் சுவரு. ஆர்க்கிடெக்ட் ராக்னர் ஊஸ்ட்பெரி நீலம் பூசலாம்னு தான் பிளான் போட்டாராம், கட்டினப்புறம் செங்கல்லே அழகா இருக்குன்னு விட்டுட்டார், பேரு மட்டும் நின்னுபோச்சு. ஸ்டூடண்ட்ஸுக்கு ஓரத்து மேசை, ராஜா மேசை தூரத்துல பூவுக்கு நடுவுல தெரியும், அவ்ளோதான். ஆளுக்கு 60 சென்டிமீட்டர் இடம், முழங்கைய விரிச்சா பக்கத்து ஆள் தட்டுல விழும். மெனு என்னன்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ரகசியம். சர்வர்கள் பெரிய படிக்கட்டுல வரிசையா ஒரே தாளத்துல எறங்கி வந்து எல்லா மேசைலயும் ஒரே நேரத்துல தட்டு வெப்பாங்க, அது மட்டும் டிவில பாக்கறதவிட நேர்ல நூறு மடங்கு. நாலு மணி நேரம் கிட்ட உக்காரணும், நடுவுல எந்திரிச்சு போறது மரியாதை இல்ல, அதனால தண்ணிய பாத்து குடிங்க.

சாப்பாடு சுமார் தான், காரம் எதிர்பாத்தா நம்ம தப்பு. பேச்சு தான் மனசுல நின்னுச்சு. ஹின்டன் இந்தப் பக்கம் ஏஐ நம்மளவிட புத்திசாலியா ஆயிட்டா என்ன ஆகும்னு அத்தன பேரு குஷியா இருக்கற எடத்துல பயமுறுத்திட்டுப் போனார். இலக்கியத்துக்கு வாங்கின ஹான் காங் வந்து, எட்டு வயசுல அபாகஸ் கிளாஸ் விட்டு வரும்போது மழை புடிச்சுக்க, கூரை ஓரம் ஒதுங்கி நின்னதயும், எதிர்ல அதே மாதிரி நின்ன பிள்ளைங்களப் பாத்து, இவங்க ஒவ்வொருத்தரும் ஒரு "நான்" தானேன்னு தோணினதயும் சொன்னாங்க. ரொம்ப மெதுவா பேசறாங்க. ஹால்ல கரண்டி சத்தமே இல்ல.

அப்புறம் மேல கோல்டன் ஹால்ல டான்ஸ், சுவரு பூரா தங்க மொசைக், 1973 வரைக்கும் விருந்தே அங்க தான் நடந்துச்சாம், இடம் பத்தாம கீழ எறக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வேற எடத்துல ஸ்டூடண்ட் யூனியன்காரங்க நடத்தற நைட்கேப் பார்ட்டி விடிய விடிய ஓடும், எனக்கு அந்த காலர் கழுத்த அறுத்துட்டிருந்ததால கெளம்பிட்டேன், மறுநாள் கோட்ட வேற திருப்பிக் குடுக்கணும்.

இங்க சேரப் போறவங்க யூனியன் மெம்பர்ஷிப் எதுக்கு தண்டம்னு விட்டுடாதீங்க, சேந்துட்டு இலையுதிர் செமஸ்டர் ஆரம்பிச்சதும் மெயில ஒழுங்கா பாருங்க.